கட்டையை எங்கே உருட்டுவது? டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 2024 பிளேயர்ஸ் ஹான்ட்புக், ஒரு யாழ்ப்பாண மேசையில் இருந்து

மேசையைச் சுற்றியிருந்து கதை சொல்லி ஆடுகிற டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸின் 2024 பிளேயர்ஸ் ஹான்ட்புக்கை, அதாவது விளையாடுகிறவர்களுக்கான விதிப்புத்தகத்தை, வாங்கலாமா என்று கம்பஸ் பக்கத்துப் பெடியள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், இனித் தொடங்கப்போகிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். புத்தகம் நல்ல புத்தகம். விளையாட்டு விதிகளும் மந்திரப் பகுதியும் 2014 பதிப்பைவிட ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன, தேடினால் உடனே கிடைக்கிறது. ஆனால் கரக்டரை, அதாவது நீங்கள் நடிக்கிற ஆளை, உருவாக்குகிற இரண்டாம் அத்தியாயம் தாயக்கட்டையைப் பிழையான இடத்தில் உருட்ட விடுகிறது. அதை அப்படியே பின்பற்றினால் மாதக்கணக்காக ஓடவேண்டிய ஒரு விளையாட்டு முதல் நாளிலேயே கோணலாகிவிடும். மற்ற அத்தியாயங்களைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, இந்த ஒன்றைப் பற்றித்தான் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஒருவர் டிஎம், அதாவது கதையையும் உலகத்தையும் நடத்துகிறவர். மற்ற ஒவ்வொருவரும் அந்த உலகத்தில் ஒரு ஆளாக இருப்பார்கள். என்ன செய்கிறாய் என்று டிஎம் கேட்பார், சொல்வீர்கள், சரிவருமா வராதா என்று சந்தேகம் உள்ள இடத்தில் இருபது முகமுள்ள கட்டையை உருட்டி அதோடு உங்கள் கரக்டரின் எண்ணைக் கூட்டுவீர்கள். பலம், லாவகம், உடல்திடம், புத்தி, விவேகம், வசீகரம் என்று ஆறு எண்கள். அந்த ஆறும் எங்கிருந்து வருகின்றன என்பதுதான் ஐம்பது வருடமாக முடியாத வழக்கு. கட்டை தருவதா, விளையாடுகிறவர் தானே எடுத்துக்கொள்வதா?

எங்கள் மேசை கோண்டாவிலில், சித்தப்பா வீட்டு முன் விறாந்தையில். ஞாயிறு பின்னேரம்தான் எல்லோருக்கும் வசதி. கம்பஸில் படிக்கிற இரண்டு பேர், வங்கியில் வேலை செய்கிற மச்சாள், ஏஎல் எழுதிவிட்டு இருக்கிற பக்கத்து வீட்டுத் தம்பி, வேலை முடிந்து சாவகச்சேரியில் இருந்து பஸ் பிடித்து வருகிற ஒருவர், டிஎம் நான். பரீட்சை, கோயில் திருவிழா, கலியாணவீடு என்று எப்படியும் சில ஞாயிறு போய்விடும், அதனால் ஒரு கதையைத் தொடங்கினால் அது வருடம் தாண்டி ஓடும். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் உருவாக்குகிற ஆளோடு எவ்வளவு காலம் வாழப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அந்த ஆளைக் கட்டையிடம் விடலாமா என்ற கேள்விக்கே பதில் மாறுகிறது.

புத்தகம் மூன்று வழி தருகிறது. முதலாவது நிலையான வரிசை: 15, 14, 13, 12, 10, 8. எல்லோருக்கும் இதே ஆறு எண், விரும்பிய இடத்தில் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது கட்டை: ஆறுமுகக் கட்டை நாலை உருட்டி, ஆகக் குறைந்ததைத் தள்ளிவிட்டு, மிச்ச மூன்றையும் கூட்டவேண்டும், இப்படி ஆறு தரம். மூன்றாவது 27 பொயின்ட் வைத்து விலைக்கு வாங்குவது. 8 இலவசம், 13க்கு 5 பொயின்ட், அதற்கு மேலே விலை ஏறும், 14க்கு 7, 15க்கு 9. அந்த நிலையான வரிசையின் விலையைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 27 வரும். ஆக முதலாவதும் மூன்றாவதும் ஒரே விலைதான்.

கட்டை வழியின் சராசரி ஒரு எண்ணுக்கு 12.24. ஆறையும் கூட்டினால் 73 அரை அளவில் வரும். நிலையான வரிசையின் கூட்டுத்தொகை 72. இந்த இரண்டையும் பார்த்தவுடன் 'அப்ப கட்டை கொஞ்சம் லாபம்தானே' என்று எல்லோரும் கட்டைக்குத் தாவுவார்கள். சராசரி ஒரு ஆளுக்கு வருவதில்லை, சராசரி கூட்டத்துக்குத்தான் வரும். ஒருவருடைய ஆறு எண்ணில் ஒன்றாவது 18 ஆக வருவதற்கு நூற்றுக்கு ஒன்பது வாய்ப்பு. ஐந்து பேர் சேர்ந்து உருட்டினால் யாரோ ஒருவருக்கு 18 வருவதற்கு நூற்றுக்கு 39 அளவில். அதாவது மேசையில் ஒருவர் வானத்தில் நிற்பதும் அவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் சேற்றில் நிற்பதும் அபூர்வம் இல்லை, வழமையாக நடக்கிற விஷயம்.

எங்கள் முதல் கதையில் அதுதான் நடந்தது. சாவகச்சேரிக்காரருக்கு 17, 16, 15, 14, 12, 11. தம்பிக்கு 13, 12, 11, 10, 9, 7. இரண்டு பேரும் வாள் பிடிக்கிற ஆட்கள். முதல் கொஞ்ச நாள் தம்பி அதைப் பெரிதாக எடுக்கவில்லை, பலவீனமான ஆளை நடிப்பதில் ஒரு சந்தோசம் இருக்கிறது என்றுகூடச் சொன்னான். பிறகு பிறகுதான் தெரிந்தது. இந்த விளையாட்டில் 10க்கு மேலே ஒவ்வொரு இரண்டுக்கும் ஒரு கூட்டல், இருபது முகக் கட்டையில் ஒரு கூட்டல் என்றால் நூற்றுக்கு ஐந்து. பின்னணி, அதாவது ஆள் முன்னர் செய்த வேலை, ஒரு எண்ணுக்குத் தருகிற இரண்டையும் சேர்த்தால் ஒருவர் 19, மற்றவர் 15, இடையில் இரண்டு கூட்டல் வித்தியாசம். அப்படியென்றால் ஒவ்வொரு வீச்சிலும் நூற்றுக்குப் பத்து, பட்ட அடியிலும் இரண்டு குறைவு, ஒவ்வொரு ஞாயிறும், ஒவ்வொரு சண்டையிலும். பிறகு ஆட்கள் அனுபவத்தில் உயர்ந்து நாலாம் நிலைக்கு வந்தபோது இன்னொன்று வெளிப்பட்டது. அந்த நிலையில் எல்லோரும் ஒரு புதிய திறமையை எடுக்கலாம். நல்ல எண் வைத்திருந்தவர் சமையற்காரர் திறமையை ஆசைப்பட்டு எடுத்தார், கதைக்கு வடிவாகப் பொருந்தியது. தம்பிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பலத்தை ஏற்றுவதற்கே அந்த வாய்ப்பைச் செலவழித்தான். முதல் நாள் அதிர்ஷ்டம் யாருக்கு வந்ததோ, பிறகு வந்த தெரிவுகளும் அவருக்கே வந்தன. ஒரு சண்டையில் ஒரு வீச்சுத் தவறினால் அடுத்த சுற்றில் மறந்துவிடும், இது மறக்கவே விடாத வீச்சு.

சரி, அப்படியென்றால் கட்டையை விட்டுவிட்டு எல்லோரும் 27 பொயின்ட் வாங்கலாமே? வாங்கினோம். சமமாக இருந்தது, அந்த வகையில் குறை இல்லை. ஆனால் ஆட்கள் எல்லோரும் முன்னமே பார்த்த ஆட்கள். மந்திரவாதி என்றால் புத்தி 15, பலம் 8. போர்வீரன் என்றால் பலம் 15, புத்தி 8. 15, 15, 15, 8, 8, 8 என்று வாங்கினாலும் சரியாக 27 வரும் என்று கண்டுபிடித்தவுடன் இரண்டு பேர் அதையே எடுத்தார்கள். தெரிவு முழுக்கக் கையில் இருந்தால் எல்லோரும் தங்களுக்கு நட்டம் வராத இடத்தில்தான் குறையை வைப்பார்கள். அது மனித இயல்பு, அதில் பிழை சொல்ல முடியாது. ஆனால் நட்டமே தராத குறை ஒரு கதைக்கும் உதவாது.

இங்கேதான் பழைய காலத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த விளையாட்டை வெளியிட்டபோது ஒரே வழிதான். மூன்று கட்டை, ஆறு தரம், வந்த ஒழுங்கிலேயே எழுதவேண்டும், இடம் மாற்றுவது கிடையாது. 18 வருவதற்கு 216இல் ஒரு வாய்ப்பு. இன்றைக்குக் கேட்டால் கொடுமையாகத் தெரியும். ஆனால் இரண்டு விஷயம் அதைத் தாங்கிப் பிடித்தது. ஒன்று, அந்த எண்களுக்கு அப்போது எடை குறைவு. 1974 விதிகளில் பலம் கூடியவன் கூட அடிப்பான் என்று எதுவும் இல்லை, 1975இல் வந்த கிரேஹோக் என்ற இணைப்புப் புத்தகம்தான் பலத்துக்கு அடியைக் கூட்டுகிற வேலையைக் கொடுத்தது. இரண்டாவது, ஆட்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள், அடுத்த ஆளை உருட்டச் சில நிமிடம் போதும். கெட்ட எண் வந்தால் அந்தக் கெட்டது நீண்டநாள் கூட இருக்காது.

பிறகு எண்களின் எடை ஏறிக்கொண்டே போனது. 1978இல் வந்த அட்வான்ஸ்ட் பதிப்பில் பாலடின் என்ற புனித வீரன் ஆவதற்கு வசீகரம் 17 வேண்டும், மூன்று கட்டையில் 17 அல்லது 18 வருவதற்கு 216இல் நாலே வாய்ப்பு. அடுத்த வருடமே, 1979இல் வந்த டிஎம் கையேட்டில், நாலு கட்டை உருட்டி ஒன்றைத் தள்ளு, பிறகு விரும்பிய இடத்தில் போடு என்ற முறை முதல் வழியாக வந்து நின்றது. 2000இல் மூன்றாம் பதிப்பு ஆறு எண்ணுக்கும் ஒரே அளவில் கூட்டலைக் கொடுத்தது, இன்றைக்கும் அதுதான் நடக்கிறது. எண் கனமாகக் கனமாக அதைக் கட்டையிடம் விடுவது வலிக்கத் தொடங்கியது, அதைச் சமாளிக்கத்தான் மேலே மேலே மருந்து பூசினார்கள். அந்த மருந்துகள் எல்லாம் சேர்ந்து என்ன செய்தன என்று யாரும் நின்று பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை.

2024 புத்தகத்தின் ஒழுங்கைப் பாருங்கள். முதலில் என்ன தொழில் என்று தெரிவு செய்யவேண்டும், போர்வீரனா, மந்திரவாதியா, பன்னிரண்டில் ஒன்று. இரண்டாவது, எங்கிருந்து வந்தாய், அதாவது பின்னணியும் இனமும். மூன்றாவதுதான் ஆறு எண்கள். ஆள் யார் என்று எல்லாம் முடிவான பிறகு கட்டையை எடுக்கச் சொல்கிறார்கள், வந்த எண்ணையும் விரும்பிய இடத்தில் போடலாம். அப்படியென்றால் அந்தக் கட்டையால் இனி என்ன சொல்ல முடியும்? 'நீ யார்' என்று சொல்ல அதற்கு இடமே இல்லை. 'நீ மற்றவனைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய' என்பதை மட்டும்தான் சொல்லலாம். 1974இன் கட்டை எதிர்பாராத ஒரு ஆளைக் கொண்டுவந்து கதவைத் தட்டியது, அதற்காகத்தான் சமமின்மையைச் சகித்தார்கள். 2024இன் கட்டையில் சமமின்மை மட்டும் மிச்சம், அந்த எதிர்பாராத ஆள் இல்லை.

இதை எனக்குத் தெளிவாக்கியது சித்தப்பா. அவருக்கு இந்த விளையாட்டு ஒன்றும் தெரியாது, ஆனால் 304 என்ற காட்ஸ் விளையாட்டு அடிப்பதில் ஊரில் பேர்போனவர். நாங்கள் தொழிலை எழுதிவிட்டு எண்ணை உருட்டிக்கொண்டிருந்ததை விறாந்தையில் இருந்து பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, துரும்பைச் சொன்ன பிறகோ காட்ஸ் பிரிக்கிறியள்?" என்று கேட்டார். 304இல் முதல் நாலு காட்ஸ் கைக்கு வரும், அதைப் பார்த்துத்தான் கேள்வி கேட்கவேண்டும், அதாவது எத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூறவேண்டும், கேள்வியை எடுத்தவர் துரும்பை முடிவு செய்து கவிழ்த்து வைக்கவேண்டும், பிறகுதான் மிச்ச நாலும் வரும். கையில் வந்தது அதிர்ஷ்டம், அதை வைத்து என்ன கேட்பது என்பது ஆட்டக்காரரின் கெட்டித்தனம். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கினால் மிஞ்சுவது வெறும் அதிர்ஷ்டம்தான். சித்தப்பா கேட்ட கேள்விக்கு இந்த 384 பக்கப் புத்தகத்தில் பதில் இல்லை.

பின்னணிப் பகுதியில் இன்னொரு குறை இருக்கிறது, என்னைப் பொறுத்தவரை இதுதான் புத்தகத்தின் ஆகப் பெரிய குறை. பதினாறு பின்னணி இருக்கிறது, மாலுமி, விவசாயி, வணிகர், எழுத்தர், துறவி என்று, வாசிக்க ஆசையாக இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் மூன்று குறிப்பிட்ட எண்களைத்தான் ஏற்ற விடும், 2014இல் அந்த ஏற்றம் இனத்தோடு வந்தது, இப்போது பின்னணியோடு வருகிறது. போர்ச்சேவகருக்குப் பலம், லாவகம், உடல்திடம். அறிஞருக்கு உடல்திடம், புத்தி, விவேகம். மாலுமிக்குப் பலம், லாவகம், விவேகம். விளைவு என்ன? மந்திரவாதி எடுத்தவர் மாலுமிப் பக்கத்தை வாசிக்கவே மாட்டார், அதில் புத்தி இல்லை. பார்பேரியன், அதாவது ஆவேசத்தோடு சண்டை பிடிக்கிற தொழில், எடுத்தவர் விவசாயி அல்லது போர்ச்சேவகர். பதினாறு கதவு திறந்திருப்பதாகக் காட்டிவிட்டு, உள்ளே போக லாபமுள்ள கதவு மூன்று நாலுதான் என்று வைத்திருக்கிறார்கள். ஒரு ஆள் எங்கே பிறந்து என்ன வேலை செய்தார் என்பதை நான் தெரிவு செய்யாமல் கூட்டல் கணக்குத் தெரிவு செய்கிறது. உண்மையில் எங்கே பிறப்பது, எந்த வேலைக்கு முதலில் போவது என்பதெல்லாம் யாருக்கும் கையில் இல்லாத விஷயம், கட்டைக்கு உரிய இடம் அதுதானே! அந்த இடத்தில் கட்டையை உருட்டச் சொல்லவில்லை, எண்ணில் உருட்டச் சொல்கிறார்கள்.

மற்ற விளையாட்டுகள் இதை எப்படிச் செய்தன என்று பார்த்தால் புத்தகத்தின் குறை இன்னும் வெளிச்சமாகும். 1977இல் மார்க் மில்லர் எழுதிய ட்ரவலர் விண்வெளி விளையாட்டு. அதில் ஆள் பதினெட்டு வயதில் தொடங்குவார், கடற்படை, தரைப்படை, வேவு, வணிகக் கப்பல் என்று ஏதாவது ஒன்றில் சேர முயற்சி செய்வார், சேர்க்காவிட்டால் கட்டாய ஆட்சேர்ப்பு, எதில் போவது என்று கட்டை சொல்லும். நாலு வருடம் ஒரு தவணை. ஒவ்வொரு தவணைக்கும் உயிர் தப்பினாயா என்று இரண்டு கட்டை உருட்டவேண்டும். வேவுப்படை என்றால் 7 அல்லது அதற்கு மேல் வரவேண்டும், வேறு உதவி இல்லாவிட்டால் 36இல் 15 தரம் ஆள் செத்துப்போவார், விளையாட்டுத் தொடங்குவதற்கு முன்னமே! முதல் தடவை கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதில் உள்ள நுட்பத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு தவணை முடிவிலும், இதோடு விலகவா, இன்னும் நாலு வருடம் இருந்து கூடுதல் திறமை பெறவா என்று முடிவெடுப்பது நீங்கள். ஒரு வீச்சு, ஒரு முடிவு, ஒரு வீச்சு, ஒரு முடிவு. கடைசியில் முப்பத்து நாலு வயதில் ஒரு ஆள் வெளியே வருவார், அவருக்கு ஒரு வாழ்க்கை இருக்கும், அதை நீங்கள் எழுதவும் இல்லை, கட்டை தனியாக எழுதவும் இல்லை.

வோர்ஹாமர் பாண்டஸி விளையாட்டின் நாலாம் பதிப்பு இன்னொரு வழி வைத்திருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. எலி பிடிப்பவர் முதல் பிரபு வரை தொழில்கள் ஒரு நூறு எண் அட்டவணையில் இருக்கும். முதல் வீச்சில் வந்த தொழிலை அப்படியே ஏற்றுக்கொண்டால் 50 அனுபவப் புள்ளி பரிசு. பிடிக்காவிட்டால் இன்னும் இரண்டு தரம் உருட்டி மூன்றில் ஒன்றை எடுக்கலாம், அப்போது 25. கட்டையே வேண்டாம், நானே எடுக்கிறேன் என்றால் எடுக்கலாம், பரிசு இல்லை. யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, தைரியத்துக்கு ஒரு விலை கொடுக்கிறார்கள். டன்ஜன் க்ரோல் கிளாசிக்ஸ் என்ற விளையாட்டில் விளையாடுகிற ஒவ்வொருவருக்கும் மூன்று நாலு சாதாரண ஊர்ச்சனங்களை உருட்டிக் கொடுத்து, முதல் சாகசத்தில் தப்பிப் பிழைக்கிறவரே உன் கரக்டர் என்பார்கள், ஒரு பின்னேரத்துக்கு அருமையான விளையாட்டு, ஆனால் அது வேறு வகை.

இவ்வளவையும் வைத்து நாங்கள் இப்போது எங்கள் மேசையில் செய்கிறதைச் சொல்கிறேன், புத்தகத்தை வாங்கினால் இப்படிச் செய்து பாருங்கள். முதலில் பின்னணியைக் கட்டையால் எடுக்கிறோம். பதினாறு பின்னணிக்கு எட்டுமுகக் கட்டை ஒன்றும் ஆறுமுகக் கட்டை ஒன்றும் போதும், ஆறுமுகத்தில் இரட்டை எண் வந்தால் எட்டுமுகத்தில் வந்த எண்ணோடு எட்டைக் கூட்டுங்கள். வந்ததை உடனே ஏற்றுக்கொண்டால் டிஎம் தருகிற ஹீரோயிக் இன்ஸ்பிரேஷன் ஒன்றோடு விளையாட்டைத் தொடங்கலாம், அதை வைத்து எந்தக் கட்டையையும் ஒரு தரம் மாற்றி உருட்டலாம். ஏற்காவிட்டால் இன்னொரு தரம் உருட்டி இரண்டில் ஒன்று, பரிசு இல்லை. அடுத்தது எண்கள்: எல்லோருக்கும் நிலையான வரிசைதான், ஆனால் அந்த 8 எங்கே விழும் என்பதை ஒரு ஆறுமுகக் கட்டை சொல்லும். 1 வந்தால் பலம், 2 லாவகம், அப்படியே வரிசையாக. மிச்ச ஐந்து எண்ணும் விரும்பிய இடத்தில். பின்னணி எதுவாக இருந்தாலும் அது தருகிற ஏற்றத்தை, ஒரு எண்ணுக்கு இரண்டும் இன்னொன்றுக்கு ஒன்றுமாக, எந்த எண்ணில் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் அதோடு வருகிற திறமை அப்படியே வரும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் தொழில்.

கூட்டுத்தொகை எல்லோருக்கும் 72, ஒருவர் மேலே ஒருவர் கீழே இல்லை. ஆனால் ஆட்கள் வேறு வேறு, அதுவும் நாங்கள் நினைத்தே இருக்காத ஆட்கள். மச்சாளுக்கு மாலுமி வந்தது, 8 விழுந்தது உடல்திடத்தில். கப்பலில் வேலை செய்த, உடம்பு தாங்காத ஒரு பெண். மச்சாள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பாய்மரம் இழுக்க ஏலாதவளைக் கப்பலில் என்ன செய்ய வைத்திருப்பார்கள்? கணக்கும் பயணக் குறிப்பும் எழுத வைத்திருப்பார்கள். அப்படி எழுதப் பழகினவள் ஒரு பிரயாணியின் பெட்டியில் இருந்த மந்திரக் கொப்பியைப் பார்த்து எழுதியிருப்பாள். ஆக மந்திரவாதி. கப்பலுக்கு வல்வெட்டித்துறையில் கட்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போன அன்னபூரணியின் பேரையே வைத்தாள். முதல் நிலையில் ஐந்தே உயிர்ப்புள்ளி, ஒரு அடி தாங்காது, ஆனால் மாலுமிப் பின்னணியோடு வருகிற தவறணைச் சண்டைத் திறமை இருப்பதால் கோபம் வந்தால் மந்திரத்துக்கு முதல் கையால் குத்துவாள். அவளிடம் 27 பொயின்ட்டைக் கொடுத்து வடிவான ஒரு மந்திரவாதியைச் செய்து தா என்று கேட்டிருந்தால் இந்தப் பெண் ஒருநாளும் பிறந்திருக்க மாட்டாள், அவளைத்தான் இப்போது மேசையில் எல்லோருக்கும் ஆகப் பிடிக்கும்.

தம்பிக்கும் நல்லதாக அமைந்தது. 8 வசீகரத்தில், பின்னணி வணிகர், ஆட்களோடு கதைக்கத் தெரியாத வியாபாரி. ஏன் கடையை விட்டு வாள் தூக்கினான் என்று யாரும் கேட்கவே தேவையில்லை.

கட்டைதான் வேண்டும், எண்ணையும் உருட்டினால்தான் விளையாட்டு என்கிறவர்கள் எங்கள் மேசையிலும் இருக்கிறார்கள், அந்த ஆசை எனக்கு விளங்குகிறது. நாலு கட்டை மேசையில் உருளும்போது எல்லோரும் எட்டிப் பார்க்கிற அந்த நேரத்துக்கு ஈடு இல்லை. அவர்களுக்கு ஒரு வழி: ஐந்து பேரும் டிஎம்மும் ஆளுக்கு ஒரு தரம் உருட்டுங்கள், வந்த ஆறு எண்ணையும் எல்லோரும் பொதுவாகப் பாவியுங்கள். உருட்டுகிற சந்தோசமும் இருக்கும், ஒருவர் மற்றவரைப் பார்த்துப் பெருமூச்சு விடவும் தேவையில்லை. ஒரே நாளில் முடிகிற கதை என்றால் எதையும் உருட்டுங்கள், ஒழுங்கு மாறாமல் மூன்று கட்டையையே உருட்டுங்கள், அன்றைக்கு எந்த ஆள் வந்தாலும் பின்னேரத்தோடு போய்விடுவார்.

இனி காசு விஷயம். புத்தகத்தின் விலை அமெரிக்காவில் 49.99 டொலர். டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்றால் அதுவே 15,000 ரூபாய், தபாற்செலவும் வரியும் அதற்கு மேலே. எங்களிடம் இருப்பது கனடாவில் இருந்து வந்த பெரியம்மாவின் மகன் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தது. கெட்டி அட்டை, படங்கள் அழகு, பாரமும் அதற்கேற்ற பாரம். ஒரு மேசைக்கு ஒரு புத்தகம் போதும், ஆளுக்கொன்று வாங்கத் தேவையே இல்லை.

வாங்குவதற்கு முதல் இதைச் செய்யுங்கள். 2025 ஏப்ரலில் சிஸ்டம் ரெஃபரன்ஸ் டொக்கியுமென்ட் 5.2 என்ற பெயரில் இந்தப் பதிப்பின் அடிப்படை விதிகளை கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும் பிரதி எடுக்கலாம், மாற்றி எழுதலாம், தமிழில் மொழிபெயர்த்துப் பகிரவும் சட்டப்படி தடை இல்லை. 300 பக்கங்களுக்கு மேல் வரும், முழுவதையும் அச்சடிக்க வேண்டாம். கரக்டர் உருவாக்குகிற பக்கங்களையும் உங்களுக்குத் தேவையான தொழில்களையும் மட்டும் கம்பஸுக்குப் பக்கத்துப் போட்டோக் கொப்பிக் கடையில் இரண்டு பக்கமாக எடுத்தால் செலவு பெரிதாக வராது. பன்னிரண்டு தொழிலும் அதில் இருக்கின்றன, உயர்நிலைக் கிளை ஒவ்வொன்றுக்கும் ஒன்றுதான் தந்திருக்கிறார்கள், தொடங்குகிறவர்களுக்கு அது காணும்.

அதில் பின்னணி நாலுதான் இருக்கிறது, பூசகர், குற்றவாளி, அறிஞர், போர்ச்சேவகர். இது குறை மாதிரித் தெரிந்தாலும் எங்களுக்கு வசதியாகப் போய்விட்டது. ஒரு பின்னணிக்கு மூன்று எண், ஒரு தொடக்கத் திறமை, இரண்டு பயிற்சி, ஒரு கருவி, கொஞ்சப் பொருட்கள், அவ்வளவுதான் தேவை, அதை நாங்களே எழுதலாம். சுருட்டுச் சுற்றுபவர், திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றுபவர், சங்கு குளிப்பவர், தவில்காரர், பனங்கட்டி காய்ச்சுபவர், கிணறு வெட்டுபவர், கோயில் தேர் செய்கிற ஆசாரி என்று ஏழு எழுதி முடித்திருக்கிறோம். இன்னும் ஐந்து எழுதினால் பதினாறு வந்துவிடும். தவில்காரருக்கு எந்த மூன்று எண் என்பதில்தான் இன்னும் வாக்குவாதம், லாவகமும் வசீகரமும் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டாயிற்று, மூன்றாவது உடல்திடம் என்கிறாள் மச்சாள், பலம் என்கிறேன் நான்.